துருத்தி பூட்டிய பென்ட்லி: எஞ்சினை மாற்றுவதா, இருந்தபடி விடுவதா?

வேகமாக ஓடும் கார் ஒன்றை அதன் தொழிற்சாலை கொடுத்த நிலையிலேயே வைத்துக்கொள்வதா, எஞ்சினைத் திருத்தி இன்னும் வேகம் கூட்டுவதா என்ற கேள்விக்கு ஏறக்குறைய காரின் வயதே ஆகிறது. நம் ஊர் மெக்கானிக்குகள் முதல் நிலையைக் 'கம்பெனி கண்டிஷன்' என்றும், இரண்டாவதை 'ஆல்டர் பண்ணுவது' என்றும் சொல்வார்கள். இந்தக் கேள்வி வரலாற்றில் மிகத் தெளிவாக எழுந்த இடங்களுள் ஒன்று 1928 முதல் 1931 வரையிலான இங்கிலாந்தின் பென்ட்லி நிறுவனம். அங்கே காரை வடிவமைத்தவர் மாற்றக் கூடாது என்றார். அதைப் பந்தயத்தில் ஓட்டியவர் மாற்றியே தீர வேண்டும் என்றார். இருவரும் தத்தம் துறையில் தேர்ந்தவர்கள், இருவருக்கும் காரணங்கள் இருந்தன. அந்த விவாதத்தின் வரலாற்றையும் அதிலிருந்து நாம் அறிய வேண்டியதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பென்ட்லி நிறுவனத்தின் தோற்றம்

வால்டர் ஓவன் பென்ட்லி 1888இல் லண்டனில் பிறந்தார். நண்பர்களும் ஊழியர்களும் அவரை 'டபிள்யூ. ஓ.' என்றே அழைத்தனர். இளமையில் டான்காஸ்டர் நகரின் ரயில்வே பணிமனையில் நீராவி எஞ்சின்களில் தொழில் பழகினார். நீண்ட தூரம், நீண்ட நேரம், அதிக அலட்டல் இல்லாமல் உழைக்கும் இயந்திரமே நல்ல இயந்திரம் என்ற எண்ணம் அவருக்கு அங்கேயே ஊறியது எனலாம். பின்னர் சகோதரருடன் சேர்ந்து டி.எஃப்.பி. என்ற பிரெஞ்சுக் கார்களை விற்றார். அக்கார்களின் எஞ்சினில் அலுமினியக் கலவையால் ஆன பிஸ்டன்களைப் பொருத்தி வேகத்தைக் கூட்டினார். முதல் உலகப் போரின்போது விமான எஞ்சின்களை வடிவமைத்தார். சாப்வித் கேமல் போர் விமானங்கள் பலவற்றில் அவருடைய எஞ்சின் இருந்தது.

1919இல் பென்ட்லி மோட்டார்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. வட லண்டனின் கிரிக்கிள்வுட் பகுதியில் தொழிற்சாலை அமைந்தது. முதலில் வந்தது 3 லிட்டர் கார். அது 1924இலும் 1927இலும் பிரான்சின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. 1928இல் அதே பந்தயத்தை வென்றது புதிய 4½ லிட்டர் கார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பென்ட்லி தம் தொழில்வாழ்க்கையையே பிறர் செய்த காரை மாற்றித்தான் தொடங்கினார். ஆகவே அவரை மாற்றத்தின் எதிரி என்று கருதுவது தவறு. எந்த மாற்றம், எவ்வளவு மாற்றம் என்பதில்தான் அவருக்குத் தனிக் கருத்து இருந்தது.

இருவேறு கொள்கைகள்

ஹென்றி பர்க்கின் 1896இல் பிறந்தவர். நாட்டிங்காம் நகரில் லேஸ் துணி உற்பத்தியால் செல்வம் சேர்த்த குடும்பம் அவருடையது. 'டிம்' என்பது அவருடைய செல்லப் பெயர். முதல் உலகப் போரில் விமானப் படையில் இருந்தார். பாலஸ்தீனத்தில் பணியாற்றியபோது பிடித்த மலேரியா பின்னாளிலும் அவரை விடவில்லை. போருக்குப் பின் பந்தயத்துக்கு வந்தார். கழுத்தில் புள்ளிபோட்ட நீலக் கைக்குட்டை, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்காத ஓட்டம் என்று அவரைப் பார்த்தவர்கள் நினைவுகூர்வர்.

1928இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நடந்த ஜெர்மன் கிராண்ட் பிரீ பந்தயத்தில் பர்க்கின் 4½ லிட்டர் பென்ட்லியில் கலந்துகொண்டார். முதல் மூன்று இடங்களையும் மெர்சிடிஸ் கார்களே பிடித்தன. அவற்றில் சூப்பர்சார்ஜர் என்ற காற்றழுத்தும் கருவி இருந்தது. இனிச் சூப்பர்சார்ஜர் இல்லாமல் வெல்ல முடியாது என்பது பர்க்கினின் முடிவு.

பென்ட்லியின் விடை வேறாக இருந்தது. கூடுதல் சக்தி வேண்டுமானால் பெரிய எஞ்சின் செய்யலாம் என்றார் அவர். 3 லிட்டருக்குப் பின் 4½ லிட்டர் வந்ததும், 6½ லிட்டர் காரிலிருந்து 'ஸ்பீட் சிக்ஸ்' என்ற வேகமான வடிவம் வந்ததும் இந்தக் கொள்கையால்தான். எஞ்சின் பெரிதானால் ஒவ்வொரு பாகமும் தன் எல்லைக்குள் நின்று உழைக்கும். சிறிய எஞ்சினுக்குள் காற்றை வலிந்து திணித்தால் ஒவ்வொரு பாகமும் எல்லையைத் தாண்டி உழைக்க வேண்டிவரும். சூப்பர்சார்ஜர் பொருத்துவது தம் எஞ்சினின் வடிவமைப்பையே கெடுப்பதாகும் என்ற கருத்தைப் பின்னாளில் தம் நினைவுக் குறிப்புகளிலும் அவர் கடுமையாகவே பதிவு செய்தார்.

சூப்பர்சார்ஜர் என்ன செய்கிறது?

கொல்லன் பட்டறையில் துருத்தியைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கரி ஒன்றுதான், உலை ஒன்றுதான். துருத்தியால் காற்றை ஊதும்போது நெருப்பு சீறுகிறது. கார் எஞ்சினும் காற்றோடு பெட்ரோலைக் கலந்து எரிக்கிறது. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது ஏற்படும் வெற்றிடத்தால் வெளிக்காற்று தானாக உள்ளே இழுக்கப்படுகிறது. சூப்பர்சார்ஜர் அதைவிட அதிகக் காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அதிகக் காற்று வந்தால் அதிக எரிபொருளை எரிக்கலாம், அதிக சக்தி கிடைக்கும். ஆங்கிலேயர்கள் இக்கருவி பூட்டிய காரை 'புளோவர்' என்று செல்லமாக அழைத்தனர். நாம் 'துருத்தி பென்ட்லி' என்று சொன்னால் பொருள் சற்றும் மாறாது.

ஆனால் இந்தச் சக்தி இலவசமாக வருவதில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை எல்லோரும் உணர்ந்திருப்போம். அழுத்தப்படும் காற்று சூடேறும். எஞ்சினுக்குள் வெப்பமும் அழுத்தமும் கூடும்போது பிஸ்டன், வால்வு, ஹெட் கேஸ்கெட், பேரிங் ஆகியவை முதலில் பாதிக்கப்படும். கருவியைச் சுழற்றவே எஞ்சினின் சக்தியில் ஒரு பகுதி செலவாகும். பெட்ரோல் செலவும் கூடும். 24 மணி நேரப் பந்தயத்தில் பெட்ரோலுக்காக நிற்கும் ஒவ்வொரு முறையும் இழப்புதான்.

4½ லிட்டர் எஞ்சினின் அளவு 4,398 கன செ.மீ. நான்கு சிலிண்டர்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வால்வுகள். சாதாரண நிலையில் அது தந்தது 110 குதிரைத்திறன். சூப்பர்சார்ஜர் பூட்டி விற்பனைக்கு வந்த கார் 175 குதிரைத்திறன் தந்தது. பந்தயக் கார் சுமார் 240 குதிரைத்திறன் வரை சென்றது. அதாவது அதே அளவுள்ள எஞ்சினில் இரு மடங்குக்கும் மேல். பர்க்கினுக்கு இந்த எண்ணே போதுமான வாதம். பென்ட்லியை அஞ்ச வைத்ததும் இதே எண்தான்.

அனுமதியும் பணமும்

நிறுவனரின் சொல்லே இறுதிச் சொல்லாக இருந்திருந்தால் இந்த வரலாறு இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பென்ட்லி நிறுவனம் எப்போதும் பணமுடையில் இருந்தது. தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கச் செல்வத்தின் வாரிசான உல்ஃப் பர்னாட்டோ 1926இல் முதலீடு செய்து நிறுவனத்தின் தலைவரானார். அன்றுமுதல் பென்ட்லி தம் பெயர் தாங்கிய நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் பொறியாளர் ஆனார். பர்னாட்டோவும் சிறந்த பந்தய ஓட்டுநர், பர்க்கினின் நண்பர். அவர் திட்டத்துக்குச் சம்மதித்தார்.

பர்க்கின் வெல்வின் என்ற ஊரில் தனிப் பட்டறை அமைத்தார். ஆம்ஹெர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியாளர் சூப்பர்சார்ஜரை வடிவமைத்தார். பர்க்கினின் சொந்தப் பணம் கரைந்தபோது டோரத்தி பாஜெட் என்ற செல்வச் சீமாட்டி உதவிக்கு வந்தார். பந்தயக் குதிரைகள் வளர்த்துப் பின்னாளில் பெரும்புகழ் பெற்றவர் இவரே.

பென்ட்லி ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சூப்பர்சார்ஜரை உள்ளே அடக்கும்படி எஞ்சினின் அமைப்பைத் திருத்த அவர் இசையவில்லை. அதனால் அது ரேடியேட்டருக்கு முன்னால், கிராங்க் ஷாஃப்டின் முனையில், வெளியே துருத்திக்கொண்டு நின்றது. கூடுதல் சுமையைத் தாங்க உள்பாகங்கள் சில வலுவாக்கப்பட்டன. இன்று அந்தக் காரின் அழகுக்கு அடையாளமாகச் சொல்லப்படும் முன்மூக்கு, உண்மையில் இரு மனிதர்களின் கருத்து வேறுபாடு இரும்பில் பதிந்த தடம்.

இதனால் இருவரும் பகைவர்கள் ஆகிவிடவில்லை. 1929இல் அல்ஸ்டரில் நடந்த டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில் பர்க்கின் துருத்தி பென்ட்லியை ஓட்டியபோது, அருகில் மெக்கானிக்காக அமர்ந்து சென்றவர் டபிள்யூ. ஓ. பென்ட்லியேதான். தாம் ஒப்பாத கருவியின் அருகிலேயே அமர்ந்து அது எப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்த அவருடைய நேர்மை பாராட்டத்தக்கது.

அதே 1929இல் லெ மான் பந்தயத்துக்குத் துருத்தி பென்ட்லி ஆயத்தமாகவில்லை. பர்க்கின் பர்னாட்டோவுடன் சேர்ந்து ஸ்பீட் சிக்ஸ் காரை ஓட்டி முதலிடம் பெற்றார். பென்ட்லியின் கொள்கைப்படி அமைந்த காரில், அக்கொள்கையை ஏற்காதவரே வென்றார்.

1930 லெ மான்

விற்பனைக்கு வராத காரை லெ மான் பந்தயத்தில் இறக்க முடியாது. எனவே 50 துருத்தி பென்ட்லிகளைச் செய்து விற்க நிறுவனம் பொறுப்பேற்றது. பந்தயக் கார்களையும் சேர்த்து மொத்தம் 55 ஆயின. 4½ லிட்டர் கார்கள் அனைத்தும் சேர்த்து 720. ஒரு தனிமனிதரின் விருப்பம் ஒரு நிறுவனத்தின் சுமையாக மாறியது இந்தக் கட்டத்தில்தான். ஓட்டுநர் தன் காரை மாற்றினால் விளைவு அவரோடு முடியும். இங்கோ நிறுவனத்தின் பெயரும் அதை நம்பிப் பணம் கொடுத்த 50 பேரின் எதிர்பார்ப்பும் சேர்ந்துகொண்டன.

1930 ஜூன் 21, 22 தேதிகளில் பந்தயம் நடந்தது. நிறுவனத்தின் சார்பில் ஸ்பீட் சிக்ஸ் கார்கள் மூன்று, பாஜெட் அணியின் சார்பில் துருத்தி பென்ட்லிகள் இரண்டு புறப்பட்டன. எதிரே நின்ற முக்கியப் போட்டியாளர் ஒருவரே: சூப்பர்சார்ஜர் பூட்டிய மெர்சிடிஸ் காரில் வந்த ருடால்ஃப் கராச்சியோலா. அவருடைய துணை ஓட்டுநர் கிறிஸ்டியன் வெர்னர்.

தொடக்கத்திலேயே பர்க்கின் மெர்சிடிஸைத் துரத்தினார். நீண்ட முல்சான் நேர்ச்சாலையில், சாலை விளிம்பின் புல்லில் சக்கரங்கள் ஏற, கராச்சியோலாவைத் தாண்டிச் சென்றார். டயர் கிழிந்து சிதறியது. மணிக்கு 144 கி.மீ.க்கும் மேலான சராசரியில் அந்தப் பந்தயத்தின் மிக வேகமான சுற்றையும் அவரே ஓடினார். மெர்சிடிஸ் இரவிலேயே பழுதாகி விலகியது. மெர்சிடிஸைக் களைப்படையச் செய்ய வகுத்த தந்திரம் இது என்பர் சிலர். பர்க்கினுக்கு வேறு விதமாக ஓட்டவே தெரியாது என்பர் வேறு சிலர்.

ஆனால் பந்தயம் 24 மணி நேரம். துருத்தி பென்ட்லிகள் இரண்டும் முடிவுவரை நிற்கவில்லை. பர்னாட்டோவும் கிளென் கிட்ஸ்டனும் ஓட்டிய ஸ்பீட் சிக்ஸ் சுமார் 2,930 கி.மீ. ஓடி வென்றது. இரண்டாவது வந்ததும் ஸ்பீட் சிக்ஸே. மிக வேகமான சுற்று மாற்றிய காருக்கு, வெற்றி மாற்றாத காருக்கு. இந்த விவாதத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

போ நகரின் வியப்பு

கதை இத்துடன் முடிந்திருந்தால் பென்ட்லி சொன்னதே முழு உண்மை என்று எழுதிவிடலாம். அதே ஆண்டு செப்டம்பரில் பிரான்சின் போ நகரில் பிரெஞ்சு கிராண்ட் பிரீ நடந்தது. கலந்துகொண்டவற்றில் பெரும்பாலானவை மெலிந்த, எடை குறைந்த புகாட்டிகள். அவற்றின் நடுவே பர்க்கின் தம் கனமான துருத்தி பென்ட்லியை முன்விளக்குகளைக் கழற்றிவிட்டுக் கொண்டுவந்தார். பார்த்தவர்களுக்கு அது பந்தயக் குதிரைகளுக்கு நடுவே யானை வந்ததுபோல் இருந்திருக்கும். அந்த யானை இரண்டாவது இடம் பெற்றது. முதலிடம் புகாட்டி ஓட்டிய பிலிப் எத்தன்சலானுக்கு. 24 மணி நேரம் தாங்காத எஞ்சின், சில மணி நேரப் பந்தயத்தைத் தாங்கியது.

இன்னும் குறுகிய ஓட்டத்தில் அது மேலும் ஒளிர்ந்தது. ஒருவர் மட்டுமே அமரும்படி பர்க்கின் உருவாக்கிய துருத்தி பென்ட்லி 1932இல் இங்கிலாந்தின் புரூக்லாண்ட்ஸ் தடத்தில் மணிக்கு 137.96 மைல், அதாவது சுமார் 222 கி.மீ. வேகத்தில் சுற்றிச் சாதனை படைத்தது. ஆயினும் துருத்தி பென்ட்லி பெரிய பந்தயம் எதிலும் முதலிடம் பெற்றதில்லை.

வீழ்ச்சி

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. விலையுயர்ந்த கார்களை வாங்குவோர் குறைந்தனர். 1930 இறுதியில் பாஜெட் தம் பந்தய அணிக்கான ஆதரவை நிறுத்தினார். 1931இல் பர்னாட்டோவும் மேற்கொண்டு பணம் தர மறுத்தார். பென்ட்லி நிறுவனம் கடன்காரர்கள் கைக்குப் போனது. அதே ஆண்டில் ரோல்ஸ்-ராய்ஸ் அதை வாங்கியது. இந்த வீழ்ச்சிக்குத் துருத்தி பென்ட்லியே காரணம் என்பது சரியன்று. உலகப் பொருளாதார மந்தமே முதற்காரணம். ஆனாலும் நம்பகத்தன்மைக்குப் பெயர் பெற்ற நிறுவனம், அப்பெயரைப் பணயம் வைக்கும் காரைக் கெட்ட நேரத்தில் செய்தது என்பதை மறுக்க இயலாது.

பர்க்கின் 1933 மே மாதம் திரிப்போலி கிராண்ட் பிரீயில் மசெராட்டி காரை ஓட்டி மூன்றாவது வந்தார். அப்பந்தயத்தின்போது சூடான புகைக்குழாயில் பட்டு அவர் கை வெந்தது. புண்ணும் பழைய மலேரியாவும் சேர்ந்து ஜூன் 22 அன்று அவர் உயிரைப் பறித்தன. வயது 36. பென்ட்லி பின்னர் லகோண்டா நிறுவனத்தில் எஞ்சின்கள் வடிவமைத்து 1971 வரை வாழ்ந்தார்.

காலம் அளித்த மறுதீர்ப்பு

இன்று பழைய பென்ட்லிகளுள் பொதுமக்கள் முதலில் அடையாளம் காண்பது துருத்தி பென்ட்லியைத்தான். இயன் ஃபிளெமிங் 1953இல் எழுதிய முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவலில் நாயகனுக்குக் கொடுத்தது இந்தக் காரையே. புரூக்லாண்ட்ஸில் சாதனை படைத்த ஒற்றை இருக்கைக் கார் 2012இல் 50 லட்சம் பவுனுக்கு மேல் ஏலம் போனது. பர்க்கினின் அணிக் கார் ஒன்றைப் பிரித்து அளவெடுத்து, அதே வடிவில் 12 புதிய கார்களைச் செய்யப்போவதாக 2019இல் பென்ட்லி நிறுவனமே அறிவித்தது.

அப்படியானால் பர்க்கின் சொன்னதுதான் சரியா? அவசரப்பட்டு முடிவுகட்டக் கூடாது. சந்தை விலை அருமையையும் கதையையும் அளக்கிறது. எஞ்சின் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதை அது அளப்பதில்லை.

'அசல்' என்பது எது?

மாற்றாத காரே அசல் என்று சொல்வது எளிது. அதுவும் சிக்கலானதே. அக்காலத்தில் பென்ட்லி சட்டகத்தையும் எஞ்சினையும் மட்டுமே விற்றது. மேற்கூட்டை வாங்குபவர் வேறு பட்டறையில் கட்டிக்கொண்டார். பிற்காலத்தில் பலர் அக்கூட்டை நீக்கிவிட்டு லெ மான் காரைப் போன்ற திறந்த கூட்டைப் பொருத்தினர்.

1929, 1930 லெ மான் பந்தயங்களில் வென்ற 'பழைய எண் ஒன்று' என்ற ஸ்பீட் சிக்ஸ் 1932இல் புரூக்லாண்ட்ஸில் கோர விபத்துக்குள்ளாகி மீண்டும் கட்டப்பட்டது. 1990இல் அதை 1 கோடி பவுனுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்தக் காரே அல்ல என்று மறுத்தனர். வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1929ஆம் ஆண்டுப் பாகங்கள் மிகக் குறைவாகவே எஞ்சியிருந்தன. ஆயினும் அந்தக் காரின் வாழ்வு இடையறாமல் தொடர்ந்து வந்திருப்பதால் அதை அப்பெயரால் அழைப்பது தகும் என்று நீதிபதி ஓட்டன் தீர்ப்பளித்தார். மாற்றங்களும் ஒரு காரின் வரலாற்றுக்குள் அடங்கும் என்பதை நீதிமன்றமே ஏற்றது எனலாம். பழங்கால வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா வகுத்த துரின் சாசனமும், செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கவும், இயன்றவரை பழைய நிலைக்குத் திரும்பக்கூடியதாகச் செய்யவும் வலியுறுத்துகிறது.

மதிப்பீடு

இந்த வரலாற்றிலிருந்து மாணவர்கள் நான்கு கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். வேகமான காரோ பைக்கோ வைத்திருப்பவருக்கும் அவை பொருந்தும்.

முதலாவது, எந்த வேலைக்காக மாற்றுகிறோம்? ஒரு சுற்றுக்கு ஏற்ற மாற்றம் 24 மணி நேரத்துக்கு ஏற்றதாக இராது. பர்க்கின் புரூக்லாண்ட்ஸில் வென்றதும் லெ மானில் நின்றுபோனதும் ஒரே காரணத்தால்தான். இரண்டாவது, கூடுதல் சுமையை எந்தப் பாகம் தாங்கும்? சக்தியைக் கூட்டும்போது பேரிங், குளிர்விப்பு, பிரேக் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ளாவிட்டால் பலவீனமான பாகமே முடிவைச் சொல்லும். மூன்றாவது, தவறினால் இழப்பு யாருக்கு? தன் பணமும் தன் பந்தயமும் வேறு. பிறருடைய பெயரும், பொதுச் சாலையில் போவோரின் உயிரும் வேறு. நான்காவது, திரும்ப முடியுமா? கழற்றிய பாகத்தைப் பத்திரமாக வைத்து, செய்ததை எழுதி வைத்தவருக்கு ஒரு வழி எப்போதும் திறந்திருக்கும்.

பென்ட்லி தம் எஞ்சினின் எல்லையைச் சரியாக அறிந்திருந்தார். 1930 லெ மான் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. எல்லையைத் தொட்டுப் பார்க்காமல் பர்க்கினால் இருக்க முடியவில்லை. போ நகரமும் புரூக்லாண்ட்ஸும் அவருக்காகப் பேசின. ஆனால் எஞ்சின் நின்றுபோகும்போது காரணம் புரிந்தவராக இருந்தவர் அதைச் செய்தவர்தான். மாற்ற விரும்புபவர் முதலில் செய்தவரின் கணக்கைப் படிக்க வேண்டும். அதைப் படித்தபின் மாற்றினாலும் தவறில்லை, விட்டுவைத்தாலும் தவறில்லை.